வண்டி பாகத்திலிருந்து விமானப் பாகத்துக்கு மாறுகிறேன்: ஆப்பரேட்டருக்கு என்னவெல்லாம் மாறும்?

#1 புதிய_ஷிஃப்ட்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக சிஎன்சி (கணினி எண்களால் ஓடும்) லேத்தும் விஎம்சியும் (செங்குத்து மில்லிங் மெஷின்) ஓட்டுகிறேன். எல்லாமே வண்டி பாகங்கள். ஒரு ஷிஃப்ட்டுக்கு முந்நூறு, நானூறு ஜாப் (வெட்டும் பாகம்) ஓடும். முதல் ஜாப்பில் அளவு வாங்கிவிட்டால் போதும், இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) தேயத் தேய ஆஃப்செட்டில் (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) இரண்டு மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று), மூன்று மைக்ரான் கொடுத்துக்கொண்டே போகலாம்.

அடுத்த மாதம் விமான எஞ்சின் பாகங்கள் செய்யும் ஓர் இடத்தில் சேர்கிறேன். ஐந்து அச்சு மெஷின். பெரும்பாலும் டைட்டானியம், கொஞ்சம் இன்கோனல் (நிக்கல் கலவை), ஓரத்தில் அலுமினியம். நேர்முகத்தில் அங்கிருந்த செட்டர் (மெஷினைத் தயார்செய்பவர்) சொன்ன ஒரு விஷயம் மனதிலேயே நிற்கிறது: "இங்கே ஒரு ஜாப் மெஷினில் இரண்டு நாள் இருக்கும். இரண்டு நாளும் நீ அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்."

என் கேள்வி இதுதான். டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் விலகல்) மட்டும்தான் வித்தியாசம் என்றால் எனக்குப் பயமில்லை, பத்து மைக்ரானுக்குள் போர் (துளை) பிடித்துப் பழக்கம் உண்டு. அதைத் தாண்டி என்ன இருக்கிறது? சேருவதற்கு முன்னால் எதைப் படிக்கலாம், எந்தப் பழக்கத்தை விடவேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகவே எழுதுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

#2 பழைய_லேத்

தம்பி, வாழ்த்துகள். இருபத்திரண்டு வருடமாக இதில் இருக்கிறேன், அதில் பதினான்கு வருடம் எஞ்சின் பாகங்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

டாலரன்ஸ் பெரிய வித்தியாசமே இல்லை. ஃப்யூயல் இன்ஜெக்டர் செய்கிறவர்கள் நம்மைவிட இறுக்கமான அளவில் தினமும் வேலை பார்க்கிறார்கள். வித்தியாசம் வேறு இடத்தில். வண்டி பாகத்தில் அளவு சரி என்றால் ஜாப் சரி. இங்கே அளவு சரியாக இருக்கும், ஆனாலும் ஜாப் சரியில்லாமல் இருக்கலாம். எந்த டூலால், எந்த வேகத்தில், எத்தனையாவது நிமிடத்தில் அந்த மேற்பரப்பு உருவானது என்பதும் பாகத்தின் ஒரு பகுதி. மைக்ரோமீட்டருக்கு அது தெரியாது. மெஷின் பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் சுழலும் எஞ்சின் பாகங்களில் செயல்முறையைப் பூட்டி வைத்திருப்பார்கள். டிரில் எந்த கம்பெனி, எந்த கிரேடு, எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு ஃபீட் (டூல் முன்னேறும் வேகம்), எத்தனை துளைக்கு ஒருமுறை டூல் மாற்றுவது, எல்லாம் ஒப்புதல் பெற்று எழுதி வைத்தது. "இதைவிட நல்ல இன்சர்ட் என்னிடம் இருக்கிறது" என்று நாம் மாற்றக் கூடாது. நல்லதாகவே இருந்தாலும் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது, அது மாதக்கணக்கில் ஆகும்.

நீங்கள் கட்டாயம் விடவேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. வண்டி பாகத்தில் சந்தேகமான ஜாப்பை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவோம். யாரும் கேட்கமாட்டார்கள், நானூறில் ஒன்று. இங்கே ஒவ்வொரு ஜாப்புக்கும் வரிசை எண் உண்டு. அது எந்த உருக்கில் வந்த உலோகம் என்பதிலிருந்து காகிதம் பின்னாலேயே வரும். ஒவ்வொரு படியும் பதிவாகும் ரூட் கார்டில் உங்கள் ஸ்டாம்ப் விழும். அந்த ஸ்டாம்பில் உங்கள் எண் இருக்கும். அந்தப் பாகம் பறந்துகொண்டிருக்கும் காலம் முழுக்க அந்த எண் அதோடு போகும். முதல் நாள் அந்த ஸ்டாம்பைக் கையில் வாங்கியபோது எனக்குக் கை கனத்தது, இன்றும் நினைவிருக்கிறது.

#3 ஐந்தச்சு

உலோகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தினமும் அதோடுதான் பிழைப்பு.

டைட்டானியம் என்றால் பெரும்பாலும் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த ரகம்தான் உங்கள் கைக்கு வரும். கடினமான உலோகம் என்று நினைக்காதீர்கள், கடினம் அதன் பிரச்சினையே இல்லை. பிரச்சினை சூடு. அலுமினியக் கலவைகள் டைட்டானியத்தைவிட 20 மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். வெட்டும்போது பிறக்கும் சூடு சிப்ஸோடு போகாது, ஜாப்புக்குள்ளும் ஓடிப் பரவாது. டூலின் முனையில் ஒரு ஊசிமுனை அளவு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கார்பைடு டூலில் நிமிடத்துக்கு 50, 60 மீட்டர் வேகம்தான். 12 மில்லிமீட்டர் எண்ட்மில் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 1,450 ஆர்பிஎம் பக்கம் வரும். அலுமினியத்தில் அதே டூலைப் பத்து மடங்குக்கு மேல் சுற்றிப் பழகியவருக்கு மெஷின் தூங்குகிற மாதிரி இருக்கும்.

அப்புறம், அதன் விறைப்பு ஸ்டீலில் பாதிதான். டூல் தள்ளினால் வளைந்து கொடுக்கும், டூல் போனதும் திரும்பி வரும். மெல்லிய சுவரில் இது படுத்தும் பாட்டை ஒரு வாரத்தில் நீங்களே பார்ப்பீர்கள்.

இன்கோனல் 718 வேறு குணம். அதைத் தேய்த்தால் இறுகும். வெட்டாமல் உரசிக்கொண்டு டூல் அரை விநாடி நின்றால் போதும், அந்த இடத்தில் ஒரு தோல் இறுகிவிடும். அடுத்த பாஸில் வரும் இன்சர்ட் அதில் அடிபட்டு, வெட்டும் ஆழம் முடியும் கோட்டிலேயே குழி விழும். இன்சர்ட்டை எடுத்து லென்ஸில் பார்த்தால் பக்கவாட்டில் எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு தெரியும். அதைப் பார்த்துவிட்டால் டூலை மாற்றிவிடுங்கள். "இன்னும் ஒரு பாஸ் தாங்கும்" என்ற கணக்கு இன்கோனலில் எடுபடாது.

பழக வேண்டியது காது. ஆறு வருடம் ஓட்டிய காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது வேறு உலோகத்தின் காது. முதல் மூன்று மாதம் மெஷின் பக்கத்தில் சும்மா நின்று கேளுங்கள். டைட்டானியத்தில் கூர் நன்றாக இருக்கும்போது ஒரு தாழ்ந்த, சீரான இரைச்சல் வரும். கூர் போகத் தொடங்கினால் அதன் மேலே மெல்லிய கம்பி மாதிரி ஒரு ஒலி ஏறும். மெஷின் படும் சுமையைக் காட்டும் லோடு மீட்டரில் தெரிவதற்கு முன்னாலேயே அது வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டில்லை. டைட்டானியத்தின் மெல்லிய சிப்ஸ் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகத் தீக்கென்று இருக்கும் பொடி, இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த மணல். அந்தத் தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

#4 கோட்_எழுதுபவன்

நான் நிரலாளர் பக்கம் இருக்கிறேன். கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்து அச்சு வேலையில் முக்கால்வாசி மூளை கேம் (CAM) மென்பொருளில்தான் இருக்கிறது. டூல் பாதை, சாய்வுக் கோணம், எந்த வரிசையில் எடுப்பது, எல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். மெஷினுக்குள்ளேயே புரோப் என்ற அளவுக் கருவி ஜாப்பைத் தொட்டு ஸீரோ (அளவு தொடங்கும் புள்ளி) எடுத்துக்கொள்கிறது. உடைந்த டூலை லேசர் கண்டுபிடிக்கிறது. செயல்முறையையே பூட்டி வைத்துவிட்டார்கள் என்று மேலே அண்ணனும் எழுதியிருக்கிறார். அப்படியானால் ஆப்பரேட்டருக்கு மிஞ்சுவது என்ன? தம்பி இரண்டு வருடம் ஓட்டிவிட்டு நிரலாக்கத்துக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஆப்பரேட்டர் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. வேலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

#5 ஐந்தச்சு

> அப்படியானால் ஆப்பரேட்டருக்கு மிஞ்சுவது என்ன?

போன வாரம் நடந்ததையே சொல்கிறேன். 7050 அலுமினியத் தட்டிலிருந்து வெட்டி எடுக்கும் ஒரு ரிப் (விலா மாதிரி தாங்கும் பாகம்). ஒரு மீட்டருக்குக் கிட்ட நீளம், பாக்கெட்டுகளுக்கு நடுவே சுவர் 1.5 மில்லிமீட்டர். எடுத்து வைக்கும் தட்டில் பத்தில் ஒன்பது பங்கு சிப்ஸாகப் போய்விடும். உருட்டிய தட்டுக்குள்ளே இறுக்கம் இருக்கும். அதைக் குறைக்கத்தான் தட்டை இழுத்து நீட்டித் தருகிறார்கள், அப்படியும் மிச்சம் இருக்கும். ஒரு பக்கத்தை எடுத்ததும் மறுபக்கத்து இறுக்கம் ஜாப்பை வில் மாதிரி வளைக்கும்.

புரோகிராமில் எல்லாம் சரியாக இருக்கிறது: இரண்டு பக்கமும் ரஃபிங் (முதல் கட்டமாகப் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பிறகு கிளாம்பைத் தளர்த்து, மறுபடி பிடி, அடிப்பக்கத்தை மெல்லியதாகச் சீவி எடு, பிறகு ஃபினிஷிங். "கிளாம்பைத் தளர்த்து" என்பது புரோகிராமில் ஒரு வரி. மெஷின் நிற்கும், நான் உள்ளே போவேன். ஜாப்பின் மூலையில் டயலை (நகர்வைக் காட்டும் முள் கருவி) வைத்து முள்ளை ஸீரோவில் நிறுத்திவிட்டு, போல்ட்டை மெதுவாகத் தளர்த்துவேன். அன்றைக்கு மூன்றாவது போல்ட்டில் முள் எண்பது மைக்ரான் ஏறியது. வழக்கமாக இருபது, இருபத்தைந்துதான் வரும். அதே தட்டு, அதே புரோகிராம்.

அப்படியே இறுக்கிப் பிடித்து ஃபினிஷிங் ஓட்டியிருந்தால் மெஷினில் இருக்கும்வரை அளவு மிகச் சரியாகக் காட்டியிருக்கும். உள்ளே இருக்கும் புரோப் தொட்டாலும் சரி என்றுதான் சொல்லும். வெளியே எடுத்ததும் வளைந்திருக்கும். நான் நிறுத்தி, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, ஜாப் எந்த இறுக்கமும் இல்லாமல் உட்காரும்படி தாங்கிப் பிடித்து, அடிப்பக்கத்தை மறுபடி சீவ அனுமதி வாங்கி ஓட்டினேன். இதை எந்த மென்பொருள் பார்த்தது?

புரோப்பைப் பற்றிச் சொன்னீர்களே, அது பிறந்ததே விமான எஞ்சினுக்காகத்தான். 1972-இல் கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினில் எரிபொருள் குழாய்களை அளக்க வழியில்லாமல்தான் டேவிட் மெக்மர்ட்ரி அதைச் செய்தார். சிஎன்சியின் கதையும் அப்படித்தான்: ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைத் துல்லியமாக வெட்ட ஜான் பார்சன்ஸ் தேடிய வழி, 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எண்களால் ஓடும் முதல் மில்லிங் மெஷினாக வந்து நின்றது. இந்தத் தொழிலின் கருவிகள் எல்லாம் கை எட்டாத இடத்தில் கைக்கு உதவ வந்தவை. அதற்குப் பிறகும் கைக்கு வேலை இருக்கிறது.

#6 கோட்_எழுதுபவன்

எண்பது மைக்ரான் கதையை ஏற்றுக்கொள்கிறேன். "தளர்த்து" என்று ஒரு வரி எழுதிவிட்டு நான் அடுத்த பாகத்துக்குப் போய்விடுவேன் என்பது உண்மை. அந்த இடத்தில் டயல் அளவைப் பதிவுசெய்ய ஒரு கட்டமும், இத்தனைக்கு மேல் போனால் நிறுத்து என்று ஒரு வரம்பும் செட்டப் ஷீட்டில் (ஆப்பரேட்டருக்கான வேலை முறைத் தாள்) சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. எங்கள் இடத்தில் இதைப் பேசிப் பார்க்கிறேன்.

#7 அளவறை

சிஎம்எம் (பாகங்களை அளக்கும் மெஷின்) அறையிலிருந்து எழுதுகிறேன். தம்பி, நீங்கள் சேர்ந்த முதல் மாதத்திலேயே எங்களோடு ஒரு சண்டை வரும். அதை இப்போதே தீர்த்துவிடலாம்.

நீங்கள் மெஷினில் மைக்ரோமீட்டரால் அளந்து சரி என்பீர்கள். நாங்கள் அறையில் அளந்து கூடுதல் அல்லது குறைவு என்போம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்வோம். நடுவில் இருப்பது வெப்பம்.

உலகத்தில் எங்கே அளந்தாலும் அளவு என்றால் 20 டிகிரி செல்சியஸில் என்று பொருள். டிராயிங்கில் இருக்கும் எண் அந்த வெப்பத்துக்கானது. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு சுமார் 23 மைக்ரான் நீளும். ஸ்டீல் 11, 12. டைட்டானியம் 9 பக்கம். இப்போது 300 மில்லிமீட்டர் அலுமினிய ஜாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி முடித்த கையோடு அது அறையைவிட ஆறு டிகிரி சூடாக இருக்கிறது. கையால் தொட்டால் வெதுவெதுப்புகூடத் தெரியாது. ஆனால் 41 மைக்ரான் நீண்டிருக்கும். உங்கள் டாலரன்ஸ் 25 மைக்ரான் என்றால், நல்ல ஜாப்பைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்ல இதுவே போதும்.

ஒரு பையன் எங்களிடம் வந்து கிட்டத்தட்ட அழுதுவிட்டான். போர் கேஜைப் பத்து நிமிடம் உள்ளங்கையில் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, அதே கேஜால் அளந்து, ஆறு மைக்ரான் ஆஃப்செட் கொடுத்து, அடுத்த போரைப் பெரிதாக்கிவிட்டான். கேஜ் அவன் கைச்சூட்டை வாங்கியிருந்தது. மாஸ்டர் ரிங்கில் (அளவு உறுதியாகத் தெரிந்த வளையம்) ஸீரோ பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அதிலிருந்து அவன் அளப்பதற்கு முன்னும் ரிங்கில் வைப்பான், அளந்த பின்னும் வைப்பான். முள் திரும்ப ஸீரோவுக்கு வரவில்லை என்றால் நடுவில் எடுத்த அளவைக் கணக்கில் எடுக்கமாட்டான். இன்று எங்கள் தளத்தில் அவன் அளவைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

இன்னொன்று. "ஓரமாக இருக்கிறது, நான்கு மைக்ரான்தானே, போகட்டும்" என்று எங்களிடம் கேட்காதீர்கள். வெளியே போயிருந்தால் என்ன எண்ணோ அதை எழுதிக் கொடுங்கள். ஏற்கலாமா கூடாதா என்று பார்க்க வடிவமைத்தவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் கணக்குப் பார்த்து ஏற்றுக்கொள்ளவும் செய்வார்கள். உண்மையான எண் இருந்தால்தான் அவர்களால் கணக்குப் போட முடியும். எழுதிக் கொடுத்ததற்காக நான் யாரிடமும் கோபப்பட்டதில்லை.

#8 சுருள்

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், நடைமுறையில் உதவும் ஒன்றை நானும் சொல்கிறேன். சத்தம் மாறினால் ஃபீட் ஓவர்ரைடை (ஃபீட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) எழுபது சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள். டூல் பிழைக்கும், ஜாப்பும் பிழைக்கும். பத்து வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒரு ரிஜெக்ட் வந்ததில்லை.

#9 ஐந்தச்சு

நண்பரே, வண்டி பாகத்தில் சரி. இங்கே தயவுசெய்து இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஃபீட்டைக் குறைத்தால் ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சிப்ஸ் மெலிகிறது. ஓரளவுக்குக் கீழே போனால் பல் வெட்டாது, தேய்க்கும். டைட்டானியத்தில் தேய்த்தால் சூடு, இன்கோனலில் தேய்த்தால் இறுக்கம். நீங்கள் காப்பாற்ற நினைத்த மேற்பரப்பைத்தான் கெடுக்கிறீர்கள். அதிர்வால் வரும் சத்தம் என்றால் பெரும்பாலும் ஆர்பிஎம்மில்தான் தீர்வு இருக்கும், ஃபீட்டில் இல்லை. பூட்டிய செயல்முறை என்றால் அந்த இரண்டையுமே நாம் தொடக்கூடாது. பல மெஷின்களில் அந்தக் குமிழையே செயலிழக்கச் செய்து வைத்திருப்பார்கள்.

நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஃபீட் ஹோல்டை அழுத்தினால் டூல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும். அதுவும் தேய்ப்பதுதான். டூலை ஜாப்பை விட்டு வெளியே எடுக்கும் வழி செட்டப் ஷீட்டில் எழுதியிருக்கும். அவசரம் வருவதற்கு முன்னாலேயே அதை இரண்டு முறை படித்து, கைக்குப் பழக்கி வையுங்கள்.

#10 சுருள்

ஒப்புக்கொள்கிறேன். நான் ஓட்டுவது பெரும்பாலும் மைல்ட் ஸ்டீலும் வார்ப்பிரும்பும்தான். சிப்ஸ் மெலிவது பற்றி இப்படி யோசித்ததில்லை. இனி ஸ்டெயின்லெஸ் ஜாப்பிலும் இதைக் கவனிக்கிறேன்.

#11 பிசிர்

யாரும் பேசாத ஓர் இடத்திலிருந்து எழுதுகிறேன்: டீபரிங் (பிசிர் நீக்கும்) பெஞ்ச். மெஷினில் எல்லாம் சரியாக முடிந்த ஜாப் கடைசியில் எங்களிடம் வரும். கையில் சின்ன அரம், உருப்பெருக்கி, விளக்கு. விளிம்பை 0.2-இலிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் உருட்ட வேண்டும் என்று டிராயிங்கில் இருக்கும். ஒரே சீராக வரவேண்டும். பிசிர் போனால் மட்டும் போதாது. அரம் ஒருமுறை வழுக்கி மேற்பரப்பில் கோடு இழுத்தால் விரிசல் தொடங்க ஒரு இடம் நாமே கொடுத்தாயிற்று. நகத்தை அதன் மேல் ஓட்டினால் தட்டும்.

துளைக்குள் துளை குறுக்கே வெட்டும் இடம்தான் எங்களுக்குக் கஷ்டம். உள்ளே ஒரு பிசிர் தொங்கிக்கொண்டிருந்தால் அது என்றைக்காவது பிய்த்துக்கொண்டு எண்ணெயோடு போகும். மெஷின் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கடைசித் துளையைத் தேய்ந்த டிரில்லால் முடிக்காதீர்கள். வெளியேறும் பக்கத்தில் நீங்கள் விடும் பிசிருக்கு நாங்கள் ஒரு மணி நேரம் குனிந்திருக்கிறோம்.

#12 பழைய_லேத்

தம்பி முதலில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று தோன்றியது. அளவு சரி, ஜாப் சரியில்லை என்றேன், உதாரணம் தரவில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் இதை நான் சொல்வேன்.

1996 ஜூலை 6. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பென்சகோலா விமான நிலையம். ஓர் எம்டி-88 விமானம் புறப்பட ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இடது எஞ்சினின் முன்பக்க ஃபேன் ஹப் (விசிறி இறக்கைகளைத் தாங்கும் மையப் பாகம்) உடைந்து, துண்டுகள் பயணிகள் பகுதிக்குள் பாய்கின்றன. இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒரு தாயும் மகனும்.

விசாரணையில் ஹப்பின் உடைந்த முகத்தைப் பின்தொடர்ந்து போனார்கள். விரிசல் தொடங்கிய இடம் டை ராட் (இறுக்கிப் பிடிக்கும் கம்பி) செல்லும் ஒரு துளையின் உட்சுவர். அந்த இடத்தில் டைட்டானியத்தின் அமைப்பே மாறி, இறுகிப்போயிருந்தது. இரும்பும் ஆக்சிஜனும் அளவுக்கு மேல் கலந்திருந்தன. இதெல்லாம் துளை போட்டபோது ஏற்பட்டது. டிரில் அங்கே சரியாக வெட்டவில்லை, சூடு ஏறியிருக்கிறது. அடுத்து ஓடிய போரிங் (துளையின் உட்சுவரைச் சீவுவது) துளையை அளவுக்குக் கொண்டுவந்தது, ஆனால் கெட்டுப்போன அடுக்கை முழுவதும் எடுக்கவில்லை. தயாரித்த இடத்திலேயே எட்ச் (ரசாயனத்தால் மேற்பரப்பின் குறையை வெளிக்காட்டும்) சோதனையில் ஓர் அடையாளம் தெரிந்திருக்கிறது. நிராகரிக்க வேண்டியவை என்று வைத்திருந்த மாதிரிகளில் எதோடும் அது ஒத்துப்போகாததால் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு பராமரிப்பில் நடந்த சோதனையிலும் விரிசல் கண்ணில் படாமல் போயிற்று. 20,000 முறை பறக்க அனுமதிக்கப்பட்ட ஹப், 13,000 சொச்சத்தில் உடைந்தது.

அந்தத் துளையில் ப்ளக் கேஜை (துளையின் அளவு பார்க்கும் உருளை) இறக்கியிருந்தால் அழகாக இறங்கியிருக்கும். டிரில் உள்ளே இருந்த அந்தச் சில விநாடிகளில் மெஷின் பக்கத்தில் ஒருவர் நின்றிருப்பார். அவர் எதையாவது கேட்டாரா, கேட்டும் விட்டுவிட்டாரா, கேட்கவே வழியில்லையா என்பது எனக்குத் தெரியாது. அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நான் ஒவ்வொரு துளைக்கும் அவர் இடத்தில் நிற்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

#13 புதிய_ஷிஃப்ட்

எல்லோருக்கும் நன்றி. இழையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, இந்த வாரம் நடந்த ஒன்றை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று மாதம் ஒரு மூத்த ஆப்பரேட்டர் பக்கத்தில் நின்றேன். ஐந்தச்சு அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே சும்மா நின்று கேட்டேன். ஸ்டாம்ப் கிடைத்து ஆறு வாரம்தான் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஷிஃப்ட். டைட்டானிய வளையம், சுற்றிலும் முப்பத்தாறு துளை. டிரில், பிறகு போரிங். கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) டிரில்லுக்குள்ளேயே 70 பார் அழுத்தத்தில் வரும். பதினாறு துளை வரை எப்போதும் போல ஓடியது. பதினேழாவதில் பாதி ஆழத்தில் ஒரு கீச். ஒரு விநாடிகூட இருக்காது. லோடு மீட்டர் வழக்கமாக 38 காட்டும், 55 போய்விட்டுத் திரும்பியது. அலாரம் வரம்பு 60 என்பதால் மெஷின் எதுவும் சொல்லவில்லை. டிரில் வெளியே வந்ததும் நிறுத்தினேன். கதவைத் திறந்து பார்த்தால் டிரில்லின் பள்ளத்தில் ஒரு சிப்ஸ் சுருண்டு இறுகியிருந்தது. மற்றதெல்லாம் வெள்ளியாக இருக்க, இது மட்டும் வைக்கோல் நிறத்தில், ஓரத்தில் நீலமாக இருந்தது.

ஷிஃப்ட் பொறுப்பாளர் வந்து பார்த்தார். "போரிங்கில் பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் எடுக்கப்போகிறோமே, அதில் எல்லாம் போய்விடும். டிரில்லை மாற்றிவிட்டு ஓட்டு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய மூலப் பாகம்) வர எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கும் தெரியும், அனுப்பும் தேதி அவர் தலைமேல் நிற்கிறது. நான் சரி என்று சொல்லி டிரில்லை மாற்றக் கையையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் #12 நினைவுக்கு வந்தது. போரிங் ஓடிவிட்டால் அப்புறம் அந்தத் துளையைப் பார்க்கிற யாருக்கும் எதுவும் தெரியாது.

"சார், இதை எழுதிவிட்டு ஓட்டலாம். போரிங் எடுத்தால் சரியாகிவிடும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால் உடனே ஓட்டுகிறேன்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு அவரே தரப் பொறியாளருக்குப் போன் போட்டார். ஜாப்பில் சிவப்புச் சீட்டு கட்டினோம். துளை எண், நேரம், லோடு, சத்தம், சிப்ஸின் நிறம் எல்லாம் எழுதி, அந்தச் சிப்ஸையும் ஒரு உறையில் போட்டு ஒட்டினேன்.

நேற்று முடிவு வந்தது. பொறியாளர் சொன்னபடி அந்தத் துளைக்கு மட்டும் போரிங் ஓட்டி, எட்ச் செய்து பார்த்திருக்கிறார்கள். அளவு நடுவில் நிற்கிறது. உட்சுவரில் கால்வாசிச் சுற்றுக்கு ஒரு கரும்பட்டை. ஜாப் ஸ்க்ராப். துளையை அறுத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

#14 பழைய_லேத்

தம்பி, இரண்டு முறை படித்தேன். அந்த உறையில் சிப்ஸைப் போட்டது ரொம்பப் பெரிய விஷயம். நானே செய்திருப்பேனா என்று தெரியவில்லை.

#15 அளவறை

எனக்கு ஒரு கேள்விதான், அது என்னைத் தூங்கவிடாது. அவ்வளவு சூடு ஏறியது என்றால் கூலண்ட் சரியாகப் போயிருக்காது. அது ஏன் அந்தத் துளையில் தவறியது? திடீரென்று நடந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? கொஞ்சம் கொஞ்சமாக என்றால் இதற்கு முன்னால் அதே மெஷினில் முடிந்து போன ஜாப்களை யாராவது பார்த்தார்களா?

#16 புதிய_ஷிஃப்ட்

அக்கா, தரப் பொறியாளரும் முதலில் இதைத்தான் கேட்டார். மெஷினின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அழுத்தம் 70-இலிருந்து இறங்கத் தொடங்கியது இதற்கு இரண்டு ஜாப் முன்னால். என் ஜாப்பில் பதினேழாவது துளையின்போது 41 பார். திரையில் ஒரு மூலையில் அந்த எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதைப் பார்க்கும்படி செட்டப் ஷீட்டில் இல்லை. இப்போது சேர்த்துவிட்டார்கள். 60 பாருக்குக் கீழே போனால் அடுத்த துளைக்குப் போகாமல் மெஷினே நிற்கும்படி மாற்றமும் வந்திருக்கிறது.

முந்தைய இரண்டு ஜாப்பும் எங்கள் கட்டிடத்தை விட்டுப் போகவில்லை, அடுத்த செயல்முறைக்காக ரேக்கில் இருந்தன. இரண்டையும் திரும்ப எடுத்துவந்து எழுபத்திரண்டு துளையையும் எட்ச் செய்தார்கள். அதில் ஒன்றை ஓட்டியதும் நான்தான். சத்தம் எதுவும் கேட்டதாக நினைவில்லை, ஆனாலும் அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

நான் ஓட்டியது சுத்தமாக இருக்கிறது. மற்றதில் ஒரு துளையில் மங்கலாக ஏதோ தெரிகிறது, சூட்டுத் தழும்பா எட்ச் கறையா என்று சொல்ல முடியவில்லை. மறுபடி எட்ச் செய்ய திங்கட்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அந்த ஜாப் பூட்டிய கூண்டுக்குள் இருக்கிறது. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.